மீனும் கீரையும் ஒரே நீரில்: வீட்டில் அக்வாபோனிக்ஸ் தொடங்கும் முறை

மீன் வளர்க்கும் தொட்டியின் நீர் சில நாட்களில் கழிவுகளால் கெட்டுவிடுகிறது. அந்நீரை வடித்துவிட்டுப் புதுநீர் ஊற்றுவது வழக்கம். செடி வளர்ப்போரோ, அதே கழிவில் அடங்கியுள்ள நைட்ரஜன் சத்தைக் காசு கொடுத்து உரமாக வாங்குகின்றனர். ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது மற்றொருவருக்குத் தேவையாக இருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து, மீன் தொட்டியின் நீரைச் செடிப் படுகையின் வழியே செலுத்தி, சுத்தமான நீராக மீண்டும் தொட்டிக்கே கொண்டுவரும் முறைக்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர். இதற்கு மண் வேண்டுவதில்லை. ஆவியாகிக் குறையும் நீரை மட்டும் அவ்வப்போது ஈடு செய்தால் போதும். சாதாரணமாக இக்குறைவு நாளொன்றுக்கு மொத்த நீரில் 1 முதல் 3 சதவீதம் வரையில் இருக்கும்.

மீனையும் பயிரையும் ஒரே நீரில் வளர்ப்பது நம் நாட்டிற்குப் புதியதன்று. அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் அபதானி மக்கள் நெல்வயலில் தேங்கும் நீரிலேயே மீன் வளர்க்கின்றனர். வரப்புகளில் கேழ்வரகு பயிரிடுகின்றனர். கேரளக் கடலோரத்தில் பொக்காளி நெல் விளையும் வயல்களில், அறுவடைக்குப்பின் இறால் வளர்க்கப்படுகிறது. தொட்டியும் பம்பும் கொண்ட இன்றைய முறை 1980களில் உருவாகி வளர்ந்தது. கரீபியன் கடலிலுள்ள வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த பரிசோதனைகள் இதற்குப் பெரிதும் துணை புரிந்தன.

வயலுக்கும் வீட்டுத் தொட்டிக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வயலில் கழிவைப் பக்குவப்படுத்தும் வேலையை மண் செய்துவிடுகிறது. புதிதாகக் கட்டிய தொட்டியிலோ கழுவிய ஜல்லியிலோ அவ்வேலையைச் செய்ய எவருமில்லை. இதனை அறியாதவர்கள் முதல் நாளன்றே மீன்களை விட்டு, இரண்டாம் வாரத்தில் அவை செத்து மிதப்பதைக் கண்டு, இம்முறையே பயனற்றது என்று கைவிடுகின்றனர். ஆகவே முதல் மாதத்தில் செய்ய வேண்டியவற்றை இப்பாடம் விரிவாக எடுத்துரைக்கிறது.

1. கண்ணுக்குப் புலப்படாத மூன்றாவது உயிர்

இவ்வமைப்பில் வளர்வன மீனும் செடியும் மட்டுமல்ல. மூன்றாவதாக ஒருவகை பாக்டீரியாக்களும் வளர்கின்றன. மீன்கள் தம் செவுள்களின் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. மிச்சத் தீனி அழுகுவதாலும் அமோனியா உண்டாகிறது. இது மீனுக்கு விஷம். பாக்டீரியாக்களில் ஒரு சாரார் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றனர். நைட்ரைட்டும் விஷமே, அது மீனின் இரத்தத்தில் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, இரத்தத்தைப் பழுப்பு நிறமாக்குகிறது. மற்றொரு சாரார் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றனர். நைட்ரேட்டினால் மீனுக்கு அதிகத் தீங்கில்லை. செடிகளுக்கு அதுவே நல்ல உணவு. நைட்ரோஸ்பைரா என்னும் இனத்தைச் சேர்ந்த சில பாக்டீரியாக்கள் இவ்விரண்டு மாற்றங்களையும் தாமே செய்ய வல்லவை என்பது 2015 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

இம்மாற்றம் உயிரினங்களின் செயல் என்பதை 1877 ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மூண்ட்ஸ் என்னும் இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் நிரூபித்தனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயின் வழியே அவர்கள் சாக்கடை நீரை மெதுவாகச் செலுத்தினர். முதல் 20 நாட்கள் வரை அமோனியா மாறுதலின்றியே வெளிவந்தது. அதன் பின்னரே நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குளோரோபார்ம் ஆவியைக் குழாயினுள் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுவிட்டது. வெறும் ரசாயன மாற்றமாக இருந்திருந்தால் 20 நாட்கள் தாமதித்திருக்க வேண்டியதில்லை. குளோரோபார்மினால் நின்றிருக்கவும் வேண்டியதில்லை. பின்னர் 1890 ஆம் ஆண்டில் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இப்பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்தார்.

அந்த 20 நாள் தாமதமே வீட்டுத் தொட்டியிலும் ஏற்படுகிறது. இப்பாக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகுவன. நம் நாட்டில் நீரின் உஷ்ணநிலை 25 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை உள்ள காலத்தில், அவை போதிய அளவு பெருக 3 முதல் 6 வாரங்கள் ஆகலாம். குளிர் மிகுந்தால் இன்னும் தாமதமாகும். எனவே வட இந்தியச் சமவெளிகளில் குளிர்காலம் கழிந்த பிறகு தொடங்குவது நன்று.

2. காத்திருத்தல் ஏன் அவசியம்: ஒரு கணக்கு

சுமார் 32 சதவீதம் புரதம் கொண்ட மீன் தீனி 100 கிராம் இட்டால், அதிலிருந்து ஏறத்தாழ 3 கிராம் நைட்ரஜன் அமோனியாவாக நீரில் சேருகிறது. 500 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 50 கிராம் தீனி இடுவதாகக் கொள்வோம். ஒரே நாளில் 1.5 கிராம், அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் சேர்ந்துவிடும். இரண்டாம் நாள் அது 6 மில்லிகிராம் ஆகும். இயங்கும் தொட்டியில் இந்த அளவு 1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. பாக்டீரியா இல்லாத தொட்டி முதல் நாளிலேயே இவ்வெல்லையைக் கடந்துவிடுவதை இக்கணக்கிலிருந்து அறியலாம்.

அமோனியாவின் விஷத்தன்மை நீரின் பி.எச். எண்ணையும் பொறுத்தது. 25 டிகிரி உஷ்ணத்தில் பி.எச். 7 ஆக இருந்தால், மொத்த அமோனியாவில் விஷமான பகுதி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு 5க்கு மேல். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரில் மீன்கள் விரைவில் மடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. வேண்டிய பொருள்கள்

புதியவருக்கு ஏற்ற சிறிய அளவு இது: 500 லிட்டர் கொள்ளும் மீன் தொட்டி ஒன்று, அதன் மேலோ அருகிலோ 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள செடிப் படுகை ஒன்று, மணிக்கு 1000 லிட்டர் இறைக்கும் சிறிய நீர்மூழ்கிப் பம்பு ஒன்று, நீரில் காற்றுக் குமிழிகளை விடும் ஏர் பம்பு ஒன்று, பம்பை இயக்கி நிறுத்தும் டைமர் ஒன்று, அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். ஆகிய நான்கையும் அளக்கும் சொட்டு மருந்துப் பரிசோதனைப் பெட்டி ஒன்று. கடைசியாகக் கூறியது வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். செலவைக் கருதி அதனை விலக்கலாகாது. அஃதின்றித் தொட்டியினுள் நடப்பதை அறிய வழியில்லை.

படுகையை நிரப்ப 8 முதல் 20 மில்லிமீட்டர் பருமனுள்ள கருங்கல் ஜல்லி ஏற்றது. சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல் துண்டுகளும் நீரின் காரத்தை உயர்த்திவிடும். ஜல்லியில் சிலவற்றைச் சமையல் வினிகரில் போட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்துக் குமிழி விட்டால் அது சுண்ணாம்பு கலந்தது, ஆகாது. நல்ல ஜல்லியைத் தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். ரசாயனப் பொருள்கள் இருந்த பீப்பாய்களைத் தொட்டியாக உபயோகிக்கக் கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் எடையைக் கணக்கிடுக. 300 லிட்டர் ஜல்லியின் எடை ஏறத்தாழ 480 கிலோ. தொட்டி நீர் 500 கிலோ. தாங்கும் கட்டைகளையும் சேர்த்தால் மொத்தம் ஒரு டன் அளவாகிறது. ஆகவே தரையில் அமைப்பதே பாதுகாப்பானது. மொட்டை மாடியில் அமைக்க விரும்புவோர் கட்டடப் பொறியாளரைக் கலந்துகொள்ள வேண்டும். படுகைக்கு நாள்தோறும் 4 முதல் 6 மணி நேரமாவது வெயில் வேண்டும். மீன் தொட்டிக்கு நிழல் வேண்டும். தொட்டியின் மேல் வலை அல்லது மூடி அவசியம். மீன் வெளியே துள்ளாதிருக்கவும், கொசு முட்டையிடாதிருக்கவும், குழந்தைகள் தவறி விழாதிருக்கவும் அது பயன்படும்.

4. அமைக்கும் விதம்

பம்பு மீன் தொட்டியிலிருந்து நீரை ஏற்றிப் படுகையில் விடும். படுகையின் நடுவே ஒரு வடிகுழாய் செங்குத்தாக நிற்கும். அதன் மேல்வாய் 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும். நீர் அம்மட்டத்திற்கு மேல் ஏறாமல் குழாயினுள் வழிந்து தொட்டிக்குத் திரும்பும். மேலேயுள்ள 5 சென்டிமீட்டர் ஜல்லி எப்போதும் உலர்ந்திருப்பதால் பாசி படராது. குழாயின் அடியில் இரண்டொரு சிறு துளைகள் இட்டால், பம்பு நின்றபின் படுகையிலுள்ள நீர் மெல்ல வடியும். ஜல்லி குழாயினுள் நுழையாதபடி, துளையிட்ட பெரிய குழாய் ஒன்றை அதனைச் சுற்றி நிறுத்த வேண்டும்.

டைமரை 15 நிமிடம் ஓடவும் 45 நிமிடம் நிற்கவும் அமைக்கலாம். படுகை ஒருமுறை நிரம்ப ஏறத்தாழ 100 லிட்டர் நீர் செல்லும். தொட்டியின் மட்டம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். நீர் வடியும்போது ஜல்லியின் இடைவெளிகளில் காற்று புகுகிறது. வேர்களுக்கும் பாக்டீரியாக்களுக்கும் அக்காற்று இன்றியமையாதது. ஏர் பம்பு மட்டும் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்க வேண்டும்.

குழாய் நீரில் குளோரின் கலந்திருந்தால் அது மீனையும் பாக்டீரியாவையும் கொல்லும். அந்நீரை ஏர் பம்பு ஓடிக்கொண்டிருக்க, 1 அல்லது 2 நாட்கள் திறந்து வைத்தபின் உபயோகிக்க வேண்டும். சுத்தமான மழைநீர் கிடைக்குமாயின் கிணற்று நீருடன் கலந்து கொள்ளலாம்.

5. மீனின்றித் தொட்டியைப் பக்குவப்படுத்தல்

முதல் நாள்: பம்புகளை இயக்கி, கசிவு உண்டா என்று பார்த்து, 4 கிராம் அம்மோனியம் குளோரைடைக் கரைத்து ஊற்றுக. நவச்சாரம் என்று நாம் அழைக்கும் பொருள் இதுவே. ஆயினும் கடைத்தெருவில் ஈயம் பூசுவோர் உபயோகிக்கும் நவச்சாரத்தில் மாசு கலந்திருக்கலாம். பள்ளிச் சோதனைச்சாலைக்குரிய சுத்தமான வகையே தேவை. இந்த 4 கிராமில் சுமார் 1 கிராம் நைட்ரஜன் உள்ளது. 500 லிட்டரில் அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகிறது. நன்கு இயங்கிவரும் மீன் தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடி ஜல்லி கிடைத்தால் படுகையில் கலக்கலாம். பாக்டீரியாக்கள் விரைவில் பெருகும். கிடைக்காவிடினும் காற்றின் வழியாகவும் நீரின் வழியாகவும் அவை தாமே வந்து சேரும்.

தொடரும் வாரங்கள்: ஒருநாள் விட்டு ஒருநாள் பரிசோதித்து எழுதி வைக்க வேண்டும். முதலில் அமோனியா அப்படியே நிற்கும். பின் அது குறையத் தொடங்க, நைட்ரைட் உயரும். அமோனியா 0.5 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கும் ஒவ்வொரு முறையும் மேலும் 4 கிராம் இடுக. பாக்டீரியாக்களுக்கு அதுவே உணவு. உணவின்றேல் அவை மடியும். சில நாட்களில் நைட்ரைட்டும் சரியத் தொடங்கும், நைட்ரேட் ஏறும். அப்போது ஐந்தாறு கீரை நாற்றுகளை நடலாம். சேர்ந்துள்ள நைட்ரேட் அவற்றிற்கு உணவாகும்.

இறுதிப் பரிசோதனை: 4 கிராம் இட்டு 24 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருப்பின் தொட்டி பக்குவமாயிற்று. நாட்காட்டியைப் பார்த்து மீன் விடலாகாது. இப்பரிசோதனையைப் பார்த்தே விட வேண்டும்.

6. மீன் தேர்வும் தீனியும்

கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகள் குளத்திற்கு உரியவை. வீட்டுத் தொட்டிக்குச் சாதாக் கெண்டை, பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவற்றின் குஞ்சுகள் பொருந்தும். உணவுக்காக வளர்க்க விரும்பாதோர் பொன்மீன் வளர்க்கலாம். பனையேறிக் கெண்டையும் தேளியும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்க வல்லவை. ஆதலின் மின்சாரம் தடைப்படும் ஊர்களில் அவை ஓரளவு தாங்கும். ஆனால் படுகையிலுள்ள பாக்டீரியாக்களுக்குப் பிராணவாயு வேண்டும் என்பதை மறத்தலாகாது. தேளியின் பக்கவாட்டு முட்கள் விஷமுள்ளவை. அதனைக் கையால் பிடிக்கக் கூடாது. ஜிலேபி எனப்படும் திலேப்பியா வளர்க்க விரும்புவோர் மாநில மீன்வளத் துறையிடம் விதிகளைக் கேட்டறிய வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000 ஆம் ஆண்டில் தடை செய்துள்ளது. எவர் கொடுத்தாலும் அதனை ஏற்கலாகாது.

10 கிராம் எடையுள்ள குஞ்சுகள் பத்தினை முதலில் விடுக. நாளொன்றுக்கு 5 கிராம் தீனி போதும். மேற்கூறிய கணக்கின்படி அதனால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் அமோனியாவே உண்டாகும். இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனை சரியாக இருப்பின், மேலும் பதினைந்து குஞ்சுகள் விடலாம். 25 மீன்களும் 100 கிராம் அளவுக்கு வளரும்போது மொத்த எடை 2.5 கிலோ ஆகும். அதில் 2 சதவீதமான 50 கிராமே அன்றாடத் தீனியின் உச்ச வரம்பு. பத்து நிமிடத்தில் தின்று தீராத தீனியை வலையால் எடுத்துவிட வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டின்படி, கீரை வகைகளுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி பொருத்தமானது. நமது 1 சதுர மீட்டர் படுகைக்கு இது சரியாக அமைகிறது. தீனி குறைவாக உள்ள தொடக்கத்தில் படுகை முழுவதும் நட்டால் செடிகள் பட்டினியால் வெளுக்கும். தீனியின் எடை ஏறும் அளவுக்கே நாற்றுகளையும் கூட்டுக. தண்டுக்கீரை, பசலை, புதினா, வள்ளைக்கீரை ஆகியவை முதற்பயிருக்கு நல்லவை. தக்காளியும் மிளகாயும் அதிகச் சத்தை வேண்டுவன; ஆறேழு மாதங்களுக்குப்பின் நடலாம்.

7. குறிகளும் பரிகாரங்களும்

மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவித்தால், பிராணவாயு குறைந்திருக்கலாம். அல்லது நைட்ரைட் மிகுந்திருக்கலாம். உடனே தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு நீரைக் குளோரின் நீங்கிய நீரால் மாற்றி, ஏர் பம்பைச் சரிபார்க்க வேண்டும். இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால், அது இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீனியில் இரும்பு போதாது. 'சிலேட்டட் அயர்ன்' என்னும் பெயரில் விற்கப்படும் இரும்புச்சத்தைச் சிறிதளவு சேர்க்கலாம். முதிர்ந்த இலைகள் முழுதும் மஞ்சளானால், தீனிக்கு மிஞ்சிய செடிகள் உள்ளன என்று கொள்ளலாம்.

பாக்டீரியாக்களின் செயலால் நீர் நாளடைவில் அமிலமாகும். பி.எச். 6 முதல் 7 வரை இருத்தல் மூவகை உயிர்களுக்கும் பொதுவாக ஏற்றது. 6க்குக் கீழ் இறங்கினால், பொடித்த கிளிஞ்சலைத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடலாம். மெல்லக் கரைந்து சரி செய்யும். பூச்சிமருந்து எதனையும் செடிக்குத் தெளிக்கக் கூடாது. இலையில் விழுந்தது நீரில் இறங்கி மீனைக் கொல்லும். பூச்சிகளைக் கையால் பொறுக்குவதே தக்க முறை. மாட்டுச் சாணமும் கோழி எச்சமும் இந்நீரில் சேரலாகாது. அவற்றிலுள்ள நோய்க்கிருமிகள் கீரையின் வழியே மனிதரை அடையும்.

8. களப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை

இச்சிறு அமைப்பு ஒரு குடும்பத்திற்கு அவ்வப்போது கீரையும், ஆண்டில் சில முறை மீனும் அளிக்கும். குடும்பத்தின் வருமானத்திற்கு வழி என்று இதனைக் கூறுதல் பொருந்தாது. நல்ல மண்ணும் நீரும் உள்ள இடத்தில் தரையில் போடும் கீரைப்பாத்தியே மலிவானது. நீர் அரிதான இடங்களிலும், மண்ணில்லாத முற்றங்களிலும், பள்ளிகளிலும் இம்முறை தன் பயனைக் காட்டும். புதிதாகத் தொடங்குவோரிடம் முதல் மாதம் மீன் விடக்கூடாது என்பதை முதலிலேயே கூறி, அதன் காரணத்தையும் விளக்கிவிட வேண்டும். காரணம் அறிந்தவர் காத்திருப்பார். அறியாதவர் ஒரு வாரத்தில் சலிப்படைந்து மீன் வாங்கச் செல்வார்.

வகுப்பறைப் பயிற்சி

(1) 500 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 20 கிராம் தீனி இட்டால், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் சேரும்? (விடை: 1.2)

(2) உங்கள் ஊரில் கிடைக்கும் மூவகைக் கற்களை வினிகரில் இட்டு, படுகைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கவும்.

(3) அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றின் அளவுகளை ஆறு வாரங்களுக்குக் குறித்து, மூன்று நிறக் கோடுகளால் ஒரே வரைபடத்தில் வரையவும். முதற்கோடு இறங்கும்போது இரண்டாவது ஏறுவதும், இரண்டாவது இறங்கும்போது மூன்றாவது ஏறுவதும் ஏன் என விளக்கவும்.